மழைத்தண்ணி எங்க போகும்? ஸ்தூபி வரைஞ்ச ஒரு லீவு நாள்

பழைய மொறைல கட்டின பௌத்த ஸ்தூபிக்குள்ள யாரும் போக முடியாது. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, நடுவுல புனிதப் பொருள் வைக்குற ஒரு சின்ன தாது அறைய விட்டா பெரும்பாலும் முழுக்க செங்கல்தான், அந்த அறையையும் ஒருதடவ மூடிட்டா மூடினதுதான். நான் இங்க சிங்கப்பூர்ல ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வேலைல இருக்கேன், நாங்க தினமும் மண்டைய ஒடச்சுக்குறது எல்லாமே உள்ள இருக்குற காலி எடத்துக்காகத்தான், தூண் 50 மில்லிமீட்டர் தடிச்சா ஆர்க்கிடெக்ட் போன் பண்ணிடுவாரு, பீம் ஆழம் கூடினா மாடி ஒசரம் குறையுதுன்னு ஒரு மீட்டிங் போடுவாங்க. இந்த மண்டையோட உள்ள எடமே இல்லாத, ஜனங்க வெளிய சுத்தி நடக்குறதுக்குன்னே எழுப்புற ஒண்ண டிசைன் பண்ண உக்காந்தா எதுல ஆரம்பிக்கிறதுன்னே புரியல. போன மே தின லீவ அதுக்குத்தான் குடுத்தேன். ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இப்பதான் உக்காந்திருக்கேன்.

விஷயம் இதான். என்கூட வேலை பாக்குற சிங்கள நண்பர் ஒருத்தருக்கு இலங்கைல குருநாகல் பக்கம் ஒரு கிராமம். அங்க இருக்குற சின்ன விகாரைல ஸ்தூபி கிடையாது, போதி மரமும் ஒரு சிலை மண்டபமும்தான். ஸ்தூபி ஒண்ணு கட்டணும்னு ஊர் சேந்து முடிவு பண்ணி, வெளிநாட்டுல வேலை பாக்குற ஊர்க்காரங்க எல்லாம் பணம் போட்டுக்கிட்டு இருக்காங்க. லோக்கல் கான்ட்ராக்டர் ஒருத்தரு டிராயிங்கும் குடுத்துட்டாரு, 12 மீட்டர் விட்டத்துல காங்கிரீட் கூடு, உள்ள ஹால், சுத்தி விளக்கு. நண்பர் அத வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பி "மச்சான், இதப் பாத்து சொல்லு, எனக்கு என்னமோ மனசு ஒப்பல"ன்னாரு. (மச்சான்னு நாம கூப்பிடுற மாதிரியே அவங்களும் கூப்பிடுவாங்க, எங்களுக்குள்ள முதல்ல ஒட்டினதே அந்த ஒரு வார்த்தைலதான்.)

நான் மட்டும் பாத்தா போதாதுன்னு தோணுச்சு. எங்க ஆபீஸ்ல யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர் இருக்காரு, சுன்னாகம் பக்கம், கையாலயே டிராயிங் போட்டு வளந்த தலைமுறை, இப்ப கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஒரு டீட்டெயில்ல தண்ணி எங்க உள்ள இறங்கும்னு பாத்த ஒடனே விரல் வச்சு சொல்லிடுவாரு. அவர்கிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "முதல்ல அந்தக் காணி ஆற்ற எண்டு கேட்டுச் சொல்லும் தம்பி. பிறகு நான் வாறதோ இல்லையோ எண்டு சொல்லுறன்" அப்படின்னாரு. நெலம் யாரோடதுன்னு கேட்டாரு.

அவரு ஏன் அதக் கேட்டாருன்னு இத படிக்குற எல்லாருக்கும் புரியும்னு நெனைக்கிறேன். வடக்குலயும் கிழக்குலயும் தமிழ் ஜனங்க தங்களோடதுன்னு சொல்ற எடத்துல திடீர்னு ஒரு விகாரையோ ஸ்தூபியோ எழும்புறது எவ்வளவு வலிக்குற விஷயம், அத அனுபவிச்ச மனுஷன் கேக்குற முதல் கேள்வி அதாத்தான் இருக்கும். நண்பர்கிட்ட நான் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். அவரு கோச்சுக்கவே இல்ல. அன்னிக்கு ராத்திரியே உறுதிப் பத்திரம், பழைய சர்வே பிளான், ஊர்ல மூணு தலைமுறையா அந்த விகாரை இருக்குறதுக்கு சாட்சியா மஞ்சளாப் போன போட்டோ எல்லாத்தையும் அனுப்பிட்டாரு, யாரும் யார்கிட்ட இருந்தும் எடுத்த நெலம் இல்லன்னு ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டாரு. அண்ணை எல்லாத்தையும் கண்ணாடி போட்டு நிதானமா படிச்சுட்டு, "சரி, லீவுக்கு வாறன்"ன்னாரு. ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் மண்ணுக்குக் கீழ ஆரம்பிக்குதுன்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க, அது பத்திரத்துல ஆரம்பிக்குதுன்னு அண்ணை அன்னிக்குக் காட்டிட்டாரு.

மே 1 காலைல பூன் கெங்ல எறங்கி, செயின்ட் மைக்கேல்ஸ் ரோட்டுல இருக்குற ஸ்ரீ லங்காராமயவுக்கு போனோம், வேல ஆரம்பிக்கும் முன்ன ஒருதடவ கும்பிட்டுடலாம்னு நண்பர் ஆசப்பட்டாரு. 1952ல சிங்களக்காரங்க கட்டின கோயில் அது. அங்க இருந்து நடந்து போற தூரத்துல அவரு வீடு, டைனிங் டேபிள்ல ஏ1 பேப்பர விரிச்சோம், கோப்பி ஓ வந்துச்சு, வேல ஆரம்பிச்சுது.

அண்ணை கான்ட்ராக்டர் டிராயிங்க ஒரு நிமிஷம் பாத்தாரு. "தம்பி, மழைத் தண்ணி எங்க போகும் எண்டு இதில ஒரு இடத்திலயும் போடேல்ல."

மதியம் வரைக்கும் நாங்க பேசினது பூரா அந்த ஒரு வாக்கியத்துல இருந்துதான் வந்துச்சு.

நண்பர் அப்ப இலங்கையோட பழைய வரலாற்று நூல் மகாவம்சத்த எடுத்தாரு. அதுல வர்ற சிங்கள ராஜா துட்டகைமுனுன்னா நமக்கு அனுராதபுரத்த ஆண்ட தமிழ் ராஜா எல்லாளனக் கொன்னவன், அவ்ளோதான். அண்ணை மொகத்துலயும் ஒரு சுருக்கம் வந்துச்சு, அப்புறம் அவரே, "எல்லாளன்ர சமாதியக் கடக்கேக்க மேளத்த நிப்பாட்டச் சொன்னதும் அதே புத்தகத்திலதான் இருக்கு, வாசியும்"னு சொன்னாரு. நண்பர் படிச்சு இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே வந்தது அனுராதபுரத்துல துட்டகைமுனு ருவன்வெலிசாய ஸ்தூபிய கட்டின அத்தியாயங்கள். துட்டகைமுனு கி.மு. 2ஆம் நூற்றாண்டு, எழுதினது கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்குல, அதனால எது நடந்தது எது கதைன்னு பிரிக்குறது கஷ்டம். ஆனா எழுதினவருக்கு கட்டுமான வேலை தெரிஞ்சிருக்கு, இல்லன்னா தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து சொல்லியிருக்காங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ராஜா கொத்தனாருங்கள கூப்பிட்டு எப்படி கட்டுவீங்கன்னு கேக்குறாரு. ஒருத்தன் நூறு ஆள வச்சு ஒரு நாளைக்கு ஒரு வண்டி மணல் போடுவேங்குறான், ராஜா வேண்டாங்குறாரு. அடுத்தவன் அதுல பாதி, அதுக்கும் அடுத்தவன் அதுலயும் பாதி, எல்லாரையும் அனுப்பிடுறாரு. கடைசியா வந்தவன், மணல ஒரல்ல இடிச்சு, சலிச்சு, எந்திரக்கல்லுல அரைச்சு ரொம்ப ரொம்ப கொஞ்சமாத்தான் போடுவேங்குறான். ராஜா சரிங்குறாரு, ஏன்னா அப்பதான் ஸ்தூபி மேல புல்லு மொளைக்காது. புல்லு! தங்கம் எவ்ளோ ஒசரம் எவ்ளோன்னு கேக்கல, புல்லு மொளைக்குமான்னு கேக்குறாரு. செங்கல்லுக்கு நடுவுல கலவை தடியா இருந்தா தண்ணி குடிக்கும், தண்ணி இருந்தா வெத மொளைக்கும், வேர் போனா செங்கல் பிரியும், அங்க இருந்து சரிவு ஆரம்பம். அனுராதபுரத்துல ஜேதவனாராமய ஸ்தூபி எவ்ளோ காலம் மேல காடு மொளைச்ச மலையா கிடந்துச்சுன்னு பழைய போட்டோ பாத்தா தெரியும். மகாசேனன் ராஜா காலத்துல கட்டினப்ப அது 122 மீட்டர், எகிப்து பிரமிடு ரெண்டுக்கு அடுத்தபடியா அந்தக் காலத்து ஒலகத்துலயே ஒசரமானது, சுமார் 9 கோடியே 33 லட்சம் செங்கல்லுன்னு கணக்கு சொல்றாங்க, இப்ப மிச்சம் நிக்குறது 71 மீட்டர் வாக்குல.

அதுக்கப்புறம்தான் ராஜா வடிவம் என்னன்னு கேக்குறாரு. கொத்தனார் தங்கப் பாத்திரத்துல தண்ணி ஊத்தி, கையில கொஞ்சம் தண்ணி எடுத்து அது மேல விடுறான், பளிங்கு மாதிரி அரைவட்டமா ஒரு குமிழி எழும்புது, இப்படித்தான் கட்டுவேங்குறான். எல்லாரும் சொல்ற கதை இந்தக் குமிழிக் கதைதான், படம் வரையுறதும் இதைத்தான். அதுக்கு முன்னாடி வர்ற மணல் கேள்விய யாரும் சொல்றதில்ல, எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது.

நாங்களும் அதே வரிசைல போனோம், காணி, அப்புறம் தண்ணி, அப்புறம்தான் வடிவம்.

ஆனா அதுக்கு நடுவுல ஒரு பெரிய முடிவு இருந்துச்சு, உள்ள காலியா இருக்குற கூடா, முழுக்க அடைச்ச கெட்டியான்னு. கூடு கட்டக் கூடாதுன்னு சாஸ்திரம் ஒண்ணும் இல்ல. களுத்துறைல களு கங்கைக் கரையில நிக்குற ஸ்தூபி காங்கிரீட் கூடுதான், ஏ.என்.எஸ். குலசிங்க டிசைன் பண்ணது, உள்ள போயி சுவர் ஓவியம் பாக்கலாம். மும்பைல 2009ல தெறந்த விபாசனா பகோடா கல்லுக்குக் கல்லு கொக்கி போட்ட மாதிரி பூட்டி, நடுவுல தூணே இல்லாம 8,000 பேர் உக்காருற மண்டபம். அதெல்லாம் பெரிய என்ஜினியருங்க, பெரிய பணம், பாத்துக்க ஒரு நிர்வாகம் எல்லாம் இருக்குற எடம். கிராமத்து விகாரைல அது யாரு? மெல்லிசான அரைக்கோளக் கூட்டுல உச்சில இருந்து சுமார் 52 டிகிரிக்குக் கீழ போனா சுத்து வட்டத்துல இழுவிசை வந்துடும், கூடு அடியில வெளிப்பக்கமா விரியப் பாக்கும், அதப் புடிச்சு நிறுத்துறது உள்ள இருக்குற கம்பிதான். கம்பிக்கு தண்ணி போச்சுன்னா துரு, துரு புடிச்சா கம்பி ஊதும், ஊதுனா காங்கிரீட் பேத்துக்கிட்டு விழும். சிங்கப்பூர்ல பழைய ப்ளாக் வீட்ல இருந்தவங்களுக்கு இத சொல்லவே வேணாம், டாய்லெட் சீலிங்ல ஸ்பாலிங்னு வீடமைப்புக் கழகத்துக்கு போன் போட்டிருப்பாங்க. நாங்க 2015ல இருந்து இங்க யூரோகோட்ங்குற ஐரோப்பிய கட்டுமான விதிகள மட்டும்தான் வச்சு டிசைன் பண்றோம், அதுல சாதாரண கட்டடத்துக்கு 50 வருஷம், பாலத்துக்கும் நினைவுச் சின்னத்துக்கும் 100 வருஷம்னு எடுத்துப்போம்.

வீடியோ கால்ல அந்த விகாரை பெரிய பிக்கு வந்தாரு. நான் சாமின்னுதான் கூப்பிட்டேன், எனக்கு வேற எப்படி கூப்பிடுறதுன்னு வரல, அவரும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு. 100 வருஷக் கணக்க நண்பர் சிங்களத்துல சொன்னாரு. பிக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, 101ஆவது வருஷம் அத ரிப்பேர் பண்றவன் இந்த ஊர்ல கிடைப்பானான்னு. அவ்ளோதான், முடிவாயிடுச்சு. கெட்டி ஸ்தூபி, செங்கல், சுண்ணாம்புக் கலவை, 12 மீட்டருக்கு பதிலா 6 மீட்டர். ஊர்க்காரங்க பெருசா எதிர்பாக்குறாங்கன்னு நண்பருக்கு கொஞ்சம் சங்கடம். அண்ணை தன்னோட போன்ல கந்தரோடை போட்டோவக் காட்டினாரு, அவரு ஊருக்குப் பக்கம், பவளக்கல்லுல சின்னச் சின்ன ஸ்தூபி கூட்டமா நிக்கும், சிலது ஆள் ஒசரம்கூட இருக்காது. "இதில எது சின்னன் எண்டு ஆரும் அளந்து பாத்தோ கும்பிட்டவை?"

அப்ப அண்ணை என்னப் பாத்து, "உமக்கு ஏன் தம்பி இதில இவ்வளவு அக்கறை?"ன்னும் கேட்டாரு. நான் நாகப்பட்டினம் பக்கம். எங்க ஊர்ல ராஜராஜ சோழன் காலத்துல ஸ்ரீவிஜய ராஜா சூளாமணிவர்மன் பேர்ல ஒரு பெரிய பௌத்த விகாரை எழும்புச்சு, சோழன் அதுக்கு ஆனைமங்கலம் கிராமத்தோட வருமானத்த எழுதி வச்சான், அந்த ஸ்ரீவிஜயம் வேற எங்கயும் இல்ல, நாம இப்ப இருக்குற இந்தக் கடல் பக்கம்தான். 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் மூணு நெல செங்கல் கோபுரம் ஒண்ணு நாகையில நின்னுக்கிட்டு இருந்துச்சு, கப்பல்காரங்க அதப் பாத்துத்தான் கரைய அடையாளம் புடிப்பாங்களாம், 1867ல அத இடிச்சுட்டாங்க. மண்ணத் தோண்டுனப்ப கெடச்ச நூத்துக்கணக்கான புத்தர் செப்புச் சிலைங்க மியூசியங்கள்ல இருக்கு, கட்டடம்னு சொல்ல ஒரு சுவர் கூட இல்ல. நான் ஸ்கூல் படிக்குறப்ப இதெல்லாம் யாரும் சொல்லல, வேலைக்கு வந்தப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க ஊர்ல நின்னு போன ஒண்ண இன்னொருத்தர் ஊர்லயாவது ஒழுங்கா நிக்க வைக்க கை குடுக்கணும்னு ஒரு ஆச. அண்ணை ஒண்ணும் சொல்லல, பென்சில கையில எடுத்துக்கிட்டாரு.

வடிவத்துக்கு வருவோம். இலங்கைல ஸ்தூபிக்கு நீர்க்குமிழி, மணி, குடம், நெற்குவியல், தாமரை, நெல்லிக்கனின்னு ஆறு வடிவம் சொல்வாங்க. ஊர்ல எல்லாருக்கும் ருவன்வெலிசாய மாதிரி குமிழி வேணும், இல்லன்னா மணி. நான் நெற்குவியல்னேன். டெல்டால வளந்தவனுக்கு அது சொல்லித் தர வேண்டியதில்ல, அறுவடைக் களத்துல நெல்லத் தூத்திக் கொட்டக் கொட்ட அது தானா ஒரு சரிவுல நிக்கும், அதுக்கு மேல செங்குத்தா குவிக்கணும்னு நெனச்சாலும் முடியாது, வழிஞ்சு வந்து அதே சரிவுக்குத்தான் வரும். யாரும் புடிச்சு நிறுத்தாமலே நிக்குற சரிவு அது. ஸ்தூபியும் அந்தச் சரிவ ஒட்டிப் போனா ஒவ்வொரு செங்கல்லும் கீழ இருக்குறத அமுக்கிக்கிட்டு மட்டும் இருக்கும், இழுவைக்கு வேலையே இல்ல, செங்கல்லுக்கு அமுக்கத்தத்தான் தாங்கத் தெரியும். குமிழி வடிவத்துல அடிப்பக்கம் கிட்டத்தட்ட செங்குத்தா எறங்குறதால வெளி ஓரத்துல லேசா இழுவை வரும். 6 மீட்டர்ல அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லதான், நெஜத்த சொல்லணும்ல, கணக்கு போட்டுப் பாத்தா ரெண்டுமே நிக்கும். ஆனா தண்ணி? செங்குத்தான பக்கத்துல மழை ஒட்டாம வழிஞ்சுடும், சரிவுல கொஞ்ச நேரம் நிக்கும். இங்க நானும் அண்ணையும் நல்லா முட்டிக்கிட்டோம். கடைசில கீழ்ப்பாதி சரிவு ஜாஸ்தியாவும் மேல் தோள் உருண்டும், நெற்குவியலுக்கும் குமிழிக்கும் நடுவுல ஒரு கோடு அண்ணை கையாலயே போட்டாரு. பிக்குவுக்கு காமிச்சோம். ரொம்ப நேரம் பாத்துட்டு, இது நல்லா உக்காந்திருக்குன்னாரு.

கணக்கு இப்படி வந்துச்சு, மூணு படி வளையம் ஒவ்வொண்ணும் 40 சென்டிமீட்டர், அதுக்கு மேல கும்பம்ங்குற பெரிய உருண்டை, எல்லாம் சேத்து நூறு கன மீட்டருக்கு கொஞ்சம் மேல, எடை சுமார் 200 டன், செங்கல் 50,000க்கு மேல. சராசரியா சதுர மீட்டருக்கு 4 டன் சொச்சம், நடுவுல அதப்போல ரெண்டு மடங்கு. நல்ல மண்ணுல இது ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த எடம் வயலுக்கு ஓரமா இருக்கு, கீழ களிமண் இருந்தா மெல்ல எறங்கும், நடுவுல ஜாஸ்தி ஓரத்துல கம்மியா எறங்குச்சுன்னா படி வளையம் வெடிக்கும், வெடிப்புல தண்ணி, மறுபடியும் அதே கதைதான்.

இங்கதான் மகாவம்சம் ரெண்டாவது தடவ கை குடுத்துச்சு. அஸ்திவாரத்துக்கு உருண்டைக் கல்ல போட்டு சுத்தியலால ஒடச்சு, காலுல தோல் கட்டின யானைங்கள விட்டு மிதிக்க வச்சாங்கன்னு வருது, அது தெரிஞ்ச கதை. அதவிட எனக்கு வேற ஒண்ணு. படி வளையத்தக் கட்டக் கட்ட அது தரை மட்டத்துக்கு எறங்கிடுதாம், ஒருதடவ இல்ல, ஒம்பது தடவ. ராஜா பயந்து போயி கேக்க, பின்னாடி தானா எறங்கக் கூடாதுன்னு பிக்குங்க தங்களோட சித்தியால, அதாவது அற்புத சக்தியால, இப்பவே எறக்குறாங்க, இனிமே எறக்க மாட்டாங்க, கவலப்படாம கட்டுங்கன்னு பதில் வருது. நான் நாற்காலில இருந்து எழுந்தே உக்காந்தேன். இங்க சிங்கப்பூர்ல சாங்கில கடல நெரப்பினப்ப என்ன பண்ணாங்க? களிமண்ணுக்குள்ள தண்ணி வெளிய வர செங்குத்தா வடிகால் பட்டைங்கள எறக்கி, மேல மணல மலையாக் குவிச்சு வச்சு, எறங்க வேண்டியத முன்னாடியே எறங்க வச்சுட்டு அப்புறம்தானே மேல வேல ஆரம்பிச்சாங்க. சித்தியோ மணலோ, முதல்ல எறங்க விடு, அப்புறம் கட்டுங்குற புத்தி ஒண்ணுதான்.

அதனால வேல வரிசைய மாத்தினோம். இந்த வருஷம் அஸ்திவாரமும் மூணு படி வளையமும் மட்டும். அதுக்கு மேல கும்பத்தோட எடைக்கு சமமா செங்கல்லையே அடுக்கி வச்சுட்டு ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுடுறது, நாலு திசைலயும் லெவல் குறி வச்சு மாசாமாசம் அளக்குறது, எறக்கம் நின்னப்புறம்தான் கும்பம். அளக்குற வேலைய ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்ககிட்ட குடுக்கலாம்னு பிக்குவே சொன்னாரு. அவசரமா முடிக்கணும்னு நெனைக்குறவங்களுக்கு இது புடிக்காது. ஆனா மிரிசவெட்டி ஸ்தூபி திருப்பணி நடந்துக்கிட்டு இருந்தப்பவே 1987ல சரிஞ்சு விழுந்து, மறுபடி கட்டி 1993லதான் முடிஞ்சுது, அந்த நெனப்பு அந்த ஊர்க்காரங்களுக்கும் இருக்கு.

நடுவுல நண்பரோட மனைவி சாப்பாடு போட்டாங்க, கிரிபத்தும் லுணு மிரிஸும், அண்ணை ரெண்டாந்தடவ வாங்கி சாப்பிட்டாரு.

சாப்பிட்டப்புறம் பூரா தண்ணிதான். ஒவ்வொரு படி வளையத்துக்கும் வெளிப்பக்கமா சரிவு, ஓரத்துல அடியில ஒரு சின்ன வெட்டு, தண்ணி உள்பக்கமா ஒட்டிக்கிட்டு வராம சொட்டி விழுறதுக்கு. கீழ சுத்தி ஒரு கல் வாய்க்கா, அது விகாரைக் குளத்துக்குப் போகும். ரொம்ப மோசமான எடம் மேல, கும்பத்துக்கு மேல ஒரு சதுரப் பெட்டி, அதுக்கு மேல உருளை, அதுக்கு மேல கூம்பு, உச்சில கலசம், இந்த நாலும் ஒண்ணோட ஒண்ணு சேருற மூட்டுலதான் மழை உள்ள எறங்கும், காக்கா அரசம்பழத்தத் தின்னுட்டு எச்சம் போடுறதும் அங்கதான். அந்த மூட்டுக்கெல்லாம் செப்புத் தகடு. கலசத்துல இருந்து இடிதாங்கிப் பட்டைய உள்ளுக்குள்ள மறைக்கலாம்னு நான் சொன்னேன், அண்ணை வேணவே வேணாம்னுட்டாரு, வெளிய பின்பக்கமா தெரியணும், அறுந்தா ஊர்ல எவனாவது பாத்து சொல்லுவான்.

அப்புறம் பெயிண்ட். அண்ணை சின்ன வயசுல குறிகட்டுவான்ல போட் ஏறி நயினாதீவுக்கு நாகபூஷணி அம்மனப் பாக்கப் போறப்பல்லாம் அதே தீவுல நாகதீப விகாரை ஸ்தூபி வெள்ளிக் கலர்ல வெயிலுக்கு மின்னுமாம், இங்கயும் அப்படி மின்னுற மாதிரி பெயிண்ட் அடிக்கலாமான்னு நண்பர் கேட்டாரு. 50,000 செங்கல் உள்ள இருக்குற ஈரம் வெளிய வரணும், மேல பிளாஸ்டிக் மாதிரி படலம் போட்டா அந்த ஈரம் உள்ளயே தங்கி பெயிண்ட்ட கொப்பளமாத் தள்ளும். சுண்ணாம்புதான் அடிக்கணும், சுண்ணாம்பு மூச்சு விடும். வருஷா வருஷம் அடிக்கணுமேன்னாரு. வெசாக்குக்கு முன்னாடி ஊரே சேந்து அடிக்கட்டும், வருஷத்துக்கு ஒருதடவ நூறு கண்ணு பக்கத்துல போயி பாத்தா எந்த வெடிப்பும் தப்பாதுன்னேன். ஏணி சாத்த, மூங்கில் கட்ட கும்பத்துல எங்க கொக்கி வைக்கணும்னும் அப்பவே வரைஞ்சுட்டோம்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டுல 2007ல தெறந்த புத்தர் பல் கோயில்ல நாலாவது மாடில ஒரு ஸ்தூபி இருக்கு, 320 கிலோ தங்கத்துல, ஏசி போட்ட அறைல. அதுவும் பக்திதான், நான் கும்பிட்டிருக்கேன். ஆனா மழைல நனையுற ஸ்தூபிய டிசைன் பண்றவனுக்கு ஜனங்களோட காலு முக்கியம். வலப்பக்கமா சுத்தி வர்றவங்க செருப்பில்லாம வர்றாங்க, குருநாகல் வெயில்ல கிரானைட் போட்டா மத்தியானம் கால் வைக்க முடியாது. அதனால பழைய மொறப்படி மணல் முற்றம், ஆனா மணல்ல சக்கர நாற்காலி போகாது, நண்பரோட அம்மாவே சக்கர நாற்காலிலதான் இருக்காங்க. உள்வட்டத்துல ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிர் நெற சொரசொரப்பு ஓடு, நுழையுற எடத்துல இங்க நாங்க போடுற அதே 1க்கு 12 சரிவு. பூ வைக்குற மேடை நாலு திசைலயும் எட்டுற ஒசரத்துல. எண்ணெய் விளக்கு மட்டும் தள்ளி, காத்து அடிக்குற தெசைக்கு எதிர்ப்பக்கமா தனிக் கூரைக்குக் கீழ, இல்லன்னா ஆறு மாசத்துல கும்பம் கரியாயிடும்.

சாயங்காலம் மறுபடி பிக்கு வந்தாரு. செலவக் கொறைக்க ஊர் இளைஞருங்கள வச்சு கூலி இல்லாத சிரமதானமா கட்டிடலாமான்னு கமிட்டில ஒருத்தர் கேட்டாராம். நண்பர் மகாவம்சத்தோட இன்னொரு பக்கத்தப் படிச்சாரு. இங்க கூலி இல்லாம யாரும் வேல செய்யக்கூடாதுன்னு துட்டகைமுனு உத்தரவு போட்டு, வாசல்கள்ல பணமும் துணியும் சாப்பாடும் வைக்கச் சொல்லியிருக்காரு. ஒரு பிக்கு தன் பங்குக்கு இருக்கட்டும்னு யாருக்கும் தெரியாம ஒரு களிமண் உருண்டையக் கொண்டாந்து கொத்தனார் கையில குடுத்துடுறாரு, அது தெரிய வந்தப்ப ராஜா அவருக்கு குடம் குடமா மல்லிப்பூ குடுத்து, அவரு அத போதி மரத்துல பூஜை பண்ணி முடிச்சப்புறம், அதான் அந்த மண்ணுக்கு வெலைன்னு சொல்லி அனுப்புறாரு. தொழிலாளர் தினத்தன்னிக்கு, ஊரவிட்டு வந்து கட்டட வேலைல காலம் தள்ளுற மூணு பேர் உக்காந்து இதக் கேட்டுக்கிட்டு இருந்தோம். கொத்து வேலைக்கு முழுக் கூலிக் கொத்தனாருதான்னு முடிவாச்சு, சிரமதானம் சுண்ணாம்புக்கும் மணல் முற்றத்துக்கும் மட்டும். பட்ஜெட் ஏறுச்சு, பரவால்ல, ஸ்தூபி கொஞ்சம் லேட்டாகும்.

இன்னும் வேல இருக்கு. மண் பரிசோதனை ரிப்போர்ட் வரல. நாங்க போட்டது யோசனை டிராயிங்தான், அங்க சார்ட்டர்ட் என்ஜினியர் ஒருத்தர் பாத்து கையெழுத்துப் போடணும். தாது அறை எந்த மட்டத்துல வரும்னு பிக்கு சொன்னாத்தான் நல்ல நேரம் பாத்து அந்தப் பூஜைக்காக கொத்து வேலைய எந்த வரிசைல நிறுத்தணும்னு அண்ணை திட்டம் போட முடியும். சுண்ணாம்புப் பூச்சுக்கு நம்ம ஊர் மொறைல கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணி கலக்கலாம்னு நான் சொல்லியிருக்கேன், செட்டிநாட்டுப் பக்கமோ கோயில் திருப்பணிலயோ அந்த வேலைய கையால செஞ்சவங்க யாராவது இருந்தா, மழை ஜாஸ்தியா பெய்யுற எடத்துல அளவு என்ன, எத்தன நாள் ஊறணும்னு எனக்கு எழுதுங்க, அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னாடி அங்க ஒரு சின்ன சுவர் கட்டி பூசிப் பாத்துடணும்னு இருக்கோம்.